நேராகப் பார்க்காத பிள்ளை

சந்தேகப்படுவதற்குத்தான் சுசீலாவுக்குச் சம்பளம். லிட்டில் இந்தியாவில் பருப்பிலிருந்து பட்டுப்புடவை வரை எல்லாம் கிடைக்கும் பெரிய கடை ஒன்றில், மேல்மாடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறை இருக்கிறது. சுவர் முழுக்கத் திரைகள். கீழே வாசனைத் திரவியப் பகுதியில் யார் எந்தப் புட்டியை எடுக்கிறார்கள், எடுத்ததைக் கூடையில் போடுகிறார்களா, கைப்பையில் போடுகிறார்களா என்பதெல்லாம் அங்கே தெரியும். ஏஸி குளிருக்குச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, பக்கத்தில் இஞ்சி டீயை வைத்துக்கொண்டு சுசீலா அந்தத் திரைகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

வாசலில் பை சோதிக்கும் பெண்ணாகத்தான் அவள் அந்தக் கடையில் சேர்ந்தாள். அப்பா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கியவர். அவர் படுத்த படுக்கையானபோது சுசீலா படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வேலைக்கு வந்தாள். அவளுடைய கண் சீக்கிரமே பேர் வாங்கிவிட்டது. வாசலில் நிற்பவரிடம் ரசீது கேட்கும்போது அந்த ஆளின் பார்வை எங்கே போகிறது என்று மட்டும் கவனிப்பாள். நேராகப் பார்த்துப் பதில் சொன்னால் விட்டுவிடுவாள். பார்வை பக்கவாட்டில் நழுவினால் பையைத் திறக்கச் சொல்வாள். பெரும்பாலும் அவள் கணக்கு தப்பவில்லை. அதனால் மேலே அனுப்பினார்கள்.

இந்த வழக்கம் வேலையோடு நிற்கவில்லை. சந்தையில் மீன்காரர் தராசைத் தொட்டால் அவர் விரலைப் பார்ப்பாள். பக்கத்து வீட்டுக்காரர் லிஃப்ட்டில் தலையைக் குனிந்தால் என்ன மறைக்கிறார் என்று யோசிப்பாள். கணவன் ரத்னவேலுக்கு துவாஸ் துறைமுகத்தில் பளுதூக்கிகளைப் பழுதுபார்க்கும் வேலை. விடிவதற்கு முன் போய் இருட்டிய பிறகு வருகிற மனிதர். "வீட்டுக்கு வந்தா அந்த கேமராவை ஆஃப் பண்ணிட்டு வா லா சுசி" என்று கேலி செய்வார். அவள் சிரிக்கமாட்டாள்.

அவர்களுக்கு ஒரே மகள், இளமதி. நான்காம் வகுப்புக்குப் போனதும் பள்ளியில் கூடைப்பந்து போன்ற நெட்பால் விளையாட்டுக் குழுவில் சேர்ந்தாள். மற்ற பிள்ளைகள் நடனம், பாட்டு என்று போனபோது இவள் பந்துதான் வேண்டும் என்று அடம்பிடித்தாள். சுசீலாவுக்கு அப்போதே ஆச்சரியம். வீட்டில் தண்ணீர் ஊற்றினால் குவளைக்கு வெளியே ஊற்றுகிற பிள்ளை, சாவியைத் தூக்கிப் போட்டால் கையில் பிடிக்கத் தெரியாத பிள்ளை, எதற்காக விளையாட்டுக்குப் போகிறது?

சேர்ந்து சில வாரங்களில் இளமதி கன்னத்தில் சிவந்த தடிப்போடு வீட்டுக்கு வந்தாள்.

"என்னாச்சு?"

"விழுந்துட்டேன்மா."

"விழுந்தா முட்டிதானே அடிபடும்? கன்னத்துல எப்படி?"

"பந்து பட்டுச்சு."

"இப்பதான் விழுந்தேன்னு சொன்ன. என்னைப் பாத்துச் சொல்லு."

இளமதி நிமிர்ந்தாள். ஆனால் பார்வை முழுசாக அம்மாவின் முகத்துக்கு வரவில்லை. ஒரு கண் வந்தது போலவும், இன்னொன்று அம்மாவின் தோளைத் தாண்டி ஜன்னலுக்குப் போனது போலவும் இருந்தது. கடை வாசலில் எத்தனையோ பேரிடம் பார்த்த பார்வைதான் அது.

மறுவாரம் உதடு வீங்கியிருந்தது. அதற்கடுத்த வாரம் விரல். கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதில். சுசீலா மகளைக் கூர்ந்து கவனிக்க ஆரம்பித்தாள். கவனிக்கக் கவனிக்கச் சந்தேகம் கூடியது. வெயிலில் நடக்கும்போது பிள்ளை ஒரு கண்ணை மூடிக்கொண்டு கேலி செய்வதுபோல் பார்த்தாள். சாயங்காலம் வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தால், "எழுத்தெல்லாம் ரெண்டா தெரியுதும்மா" என்றாள். டியூஷனுக்குப் போகாமலிருக்க இதுவும் ஒரு சாக்கு என்று சுசீலா முடிவு செய்தாள். ஆண்டுதோறும் பள்ளியில் கண் சோதிக்கிறார்கள். இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். பிறகு எப்படி ரெண்டாகத் தெரியும்?

யாரோ தன் பிள்ளையை அடிக்கிறார்கள். அதைச் சொல்லக் கூடாது என்று மிரட்டியும் வைத்திருக்கிறார்கள். சுசீலாவுக்கு அது உறுதியாகிவிட்டது. யார் என்பதுதான் கேள்வி.

முதலில் சந்தேகம் விழுந்தது சுபாங்கியின் மேல். இளமதியின் வகுப்பு. அதே குழுவில் நன்றாக விளையாடுகிற, உயரமான, குரல் ஓங்கிய பெண். ஒருநாள் பள்ளி வாசலில் அவள் இளமதியின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவதை சுசீலா கண்ணால் பார்த்தாள். அதுவே போதுமாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை தேக்கா சந்தையில் சுபாங்கியும் அவள் அம்மா வள்ளிநாயகியும் நண்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். வள்ளிநாயகி யாழ்ப்பாணத்துக் குடும்பம். ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை. சுசீலா நேராகப் போய் நின்றாள்.

"உங்க மக என் மகளை அடிக்கிறா. தெரியுமா உங்களுக்கு?"

வள்ளிநாயகி நண்டுப் பையைக் கீழே வைத்தாள். "என்ன கதைக்கிறியள்? எங்கட பிள்ளை ஒருத்தரிலயும் கை வைக்க மாட்டாள்."

"நான் பாத்தேன். கையைப் புடிச்சு இழுத்தா."

"ஆன்ட்டி, அவ வாசல் படியைக் கவனிக்காம காலை வைக்கப் போனா, அதான் இழுத்தேன்" என்றாள் சுபாங்கி. "அவளுக்கு பந்து பிடிக்க வராது. பந்து வரும்போது கைய லேட்டா நீட்டுவா. முகத்துல பட்டுடும். நான் ஒண்ணும் பண்ணல."

பேசும்போது அந்தப் பிள்ளை அழுகையை அடக்கத் தரையைப் பார்த்தாள். சுசீலா அதையும் குறித்துக்கொண்டாள். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மீன்காரர் கத்தியைக் கழுவுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். "போதும், வாங்கோ பிள்ளை" என்று வள்ளிநாயகி மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நண்டுப் பை அங்கேயே கிடந்தது. மீன்காரர்தான் பின்னால் ஓடிக் கொடுத்துவிட்டு வந்தார்.

இதற்கிடையே விளையாட்டு ஆசிரியை மிஸ் அன்னம்மாவிடமிருந்து சுசீலாவின் போனுக்குச் செய்தி வந்தபடி இருந்தது. இளமதியைப் பற்றிப் பேசவேண்டும், நேரம் கிடைக்கும்போது வாருங்கள் என்று. சுசீலா பதில் போடவில்லை. பிள்ளையைக் குழுவிலிருந்து எடுத்துவிடப் பார்க்கிறார்கள், அல்லது தனி வகுப்பில் சேர்க்கச் சொல்லப்போகிறார்கள் என்று நினைத்தாள். சந்தைக்குப் போய்வந்த பிறகு வேறொன்றும் தோன்றியது: சுபாங்கியைக் காப்பாற்றத்தான் கூப்பிடுகிறார்கள்.

"போய்த்தான் பாரேன்" என்றார் ரத்னவேல்.

"போனா நம்ம வாயை அடைச்சிடுவாங்க. முதல்ல நான் கண்டுபிடிக்கிறேன்."

அன்று சாயங்காலம் மகளுக்குப் பிடித்த மீ கோரெங்கை வாங்கிவந்து முன்னால் வைத்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள். "டிரெயினிங் முடிஞ்சதும் ஏன் லேட்டா வர்ற?"

"மிஸ் அன்னம்மா என்னை மட்டும் இருக்கச் சொல்வாங்க."

"இருந்து?"

"பந்து போடுவாங்க. என் மேல."

"உன் மேலயா?"

"ஒரு கண்ணை மூடச் சொல்லிட்டு போடுவாங்க. அப்புறம் இன்னொரு கண்ணு."

"எங்ககிட்ட சொல்ல வேணாம்னு சொன்னாங்களா?"

இளமதி முட்கரண்டியால் நூடுல்ஸைக் கிளறினாள். "இல்ல. நான்தான் உங்ககிட்ட சொல்ல வேணாம்னு சொன்னேன். சொன்னா நீங்க நெட்பாலை நிறுத்திடுவீங்க."

கடைசிப் பதிலை சுசீலா நம்பவில்லை. முதல் பதில்களை மட்டும் நம்பினாள். பள்ளி முடிந்த மைதானத்தில், ஒரு பெரியவள், ஒரு சின்னப் பிள்ளையின் கண்ணை மூடச் சொல்லி முகத்தில் பந்தெறிகிறாள். அந்தக் காட்சி அவளைத் தூங்கவிடவில்லை.

அடுத்த பயிற்சி நாளன்று வேலையைச் சகஊழியர் ஒருவரிடம் மாற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். வாசல் காவலரிடம் அடையாள அட்டையைக் கொடுத்து வருகையாளர் அட்டையை வாங்கி மாட்டிக்கொண்டாள். அலுவலகத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, நடைபாதை வழியே மைதானத்துப் பக்கம் திரும்பினாள்.

மற்ற பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். மாலை வெயில் தளத்தின் மேல் சாய்ந்து கிடந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் குட்டையாக முடி வெட்டிய ஒரு பெண்மணி பந்தோடு நின்றாள். இந்தப் பக்கம் இளமதி, இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். பந்து மெல்ல வந்தது. இளமதி ஒற்றைக் கையை நீட்டித் தடுத்தாள். "குட். இப்ப கையை எடு. ரெண்டு கண்ணும்" என்றாள் அந்தப் பெண்மணி. அடுத்த பந்து இன்னும் மெதுவாக வந்தது. இளமதி இரண்டு கைகளையும் நீட்டினாள். ஆனால் பந்து கைகளுக்குள் வருவதற்கு முன்பே விரல்கள் மூடிக்கொண்டன. பந்து மூக்கில் பட்டுத் தெறித்தது.

"நிறுத்துங்க!" சுசீலாவின் கத்தல் நான்கு மாடிக் கட்டடத்தில் முட்டித் திரும்பியது. ஓடிப்போய் மகளை இழுத்துப் பின்னால் விட்டாள். "என் பிள்ளை மூஞ்சி உங்களுக்கு கோல் போஸ்ட்டா? போலீஸுக்குப் போவேன். தினமும் இப்படித்தான் பண்றீங்களா?"

மிஸ் அன்னம்மா பந்தைப் பொறுக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். கோபப்பட்டவள் போலத்தான் தெரிந்தாள். ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. "உங்களுக்கு மெசேஜ் மேல மெசேஜ் அனுப்பினேனே. ஏன் வரல?"

"நீங்க என்ன சொல்வீங்கன்னு எனக்குத் தெரியும்."

"தெரியாது. எனக்கே தெரியாமதான் உங்களைக் கூப்பிட்டேன்." அவள் இளமதியைப் பார்த்தாள். "காலைல உடற்பயிற்சிப் பாடத்துல இவ ஓரளவுக்கு நல்லாவே பிடிக்கிறா. சாயங்காலம் டிரெயினிங்ல, களைச்சதுக்கப்புறம், வெயில்ல, ஒண்ணுமே பிடிக்கிறதில்ல. ஒரு கண்ணை மூடினா கொஞ்சம் சமாளிக்கிறா. ரெண்டையும் திறந்தா தடுமாறுறா. சோம்பல்னா அப்படி இருக்காது. பயம்னாலும் அப்படி இருக்காது. நான் டாக்டர் இல்ல. ஆனா ஏதோ இருக்கு. நீங்களே பாருங்க."

"நான் தினமும்தான் பாக்குறேன்."

"இப்ப பாருங்க."

சுசீலா மகள் பக்கம் திரும்பினாள். மூக்கு சிவந்திருந்தது. மேற்கு வெயில் அவள் முகத்தில் நேராக விழுந்தது. "மதி, என்னைப் பாரு" என்றாள்.

இளமதி பார்த்தாள். வலது கண் அம்மாவின் முகத்தில் நின்றது. இடது கண் மெல்ல, யாரோ நூல் கட்டி இழுப்பதுபோல, காதோரம் நோக்கி விலகிப் போயிற்று. கருவிழி ஓரத்தில் போய் நின்றது.

"என்னைப் பாரும்மா. அங்க எங்க பாக்குற?"

"உங்களைத்தான்மா பாக்குறேன்" என்றாள் இளமதி. "எப்பவும் உங்களைத்தான் பாக்குறேன். நீங்கதான் நம்ப மாட்டேங்கறீங்க. இப்ப நீங்க ரெண்டு பேரா தெரியுறீங்க."

மிஸ் அன்னம்மா தண்ணீர்ப் புட்டியை நீட்டியபோது அதை வாங்கினாளா என்றுகூட சுசீலாவுக்குப் பிறகு நினைவில்லை.

ஆனாலும் பழகிப்போன மனசு லேசில் அடங்கிவிடுமா? வீட்டுக்குப் போகும் வழியிலேயே அடுத்த சந்தேகம் வந்துவிட்டது. பந்து பட்டுப் பட்டுத்தான் கண் இப்படி ஆயிற்றோ? தன் தப்பை மறைக்கத்தான் ஆசிரியை இத்தனை பேசினாளோ? அந்தக் கேள்வியோடுதான் பாலிகிளினிக்குக்குப் போனாள். அங்கிருந்து கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

அது காலை நேரம். இளமதி நன்றாகத் தூங்கி எழுந்து வந்திருந்தாள். எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்தாள். படத்தை மேலெழும்பித் தெரியவைக்கும் கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டு ஓர் ஈயின் படத்தைக் காட்டி, இறக்கையைப் பிடி என்றார்கள். தாளுக்கு மேலே காற்றில் சரியாகப் பிடித்தாள். சுசீலா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண்ணில் ஒன்றுமே இல்லை. அப்படியானால் பிள்ளைதான் நடித்திருக்கிறாள். தன்னையும் ஏமாற்றி, ஆசிரியையையும் ஏமாற்றியிருக்கிறாள்.

மருத்துவர் ஒரு சீனப் பெண்மணி. அவசரப்படாமல் இளமதியை ஜன்னலருகே நிற்கவைத்து, தூரத்தில் தெரிந்த ஒரு கட்டுமானப் பளுதூக்கியைப் பார்க்கச் சொன்னார். இடது கண்ணைக் கறுப்பு மறைப்பால் மூடினார். கொஞ்சநேரம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்துவிட்டு மறைப்பை எடுத்தார். கண் வெளிப்பக்கம் போய் நின்றிருந்தது. திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று.

இது விட்டு விட்டு வருகிற மாறுகண் என்று மருத்துவர் ஆங்கிலத்தில் விளக்கினார். பந்து பட்டதால் வந்ததல்ல. ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாக நன்றாகத்தான் பார்க்கிறது, அதனால்தான் பள்ளிச் சோதனையில் தெரியவில்லை. களைப்பிலும் வெயிலிலும் ஒரு கண் விலகிவிடும். இரண்டும் சேர்ந்து பார்த்தால்தான் பந்து எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று மூளைக்குத் தெரியும். அது தெரிந்தால்தான் கை எப்போது மூடவேண்டும் என்று தெரியும். சிறு வயதிலிருந்தே இருந்திருக்கலாம். பழைய படங்கள் இருக்கிறதா?

சுசீலா போனை எடுத்துத் தள்ளிக்கொண்டே போனாள். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் ஒரு கண்ணை மூடிச் சிரிக்கும் இளமதி. தீபாவளிக்குப் புதுப் பாவாடையோடு நிற்கும் இளமதி, ஒரு கண்ணின் வெளிச்சப் புள்ளி நடுவில் இருக்க, மற்றதில் ஓரத்தில் இருந்தது. மூன்று வயதுப் பிறந்தநாளில், கேக்குக்கு மேலே குனிந்த முகத்திலும் அதே. நாள் முழுக்கப் படங்களைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் இந்தப் படங்களை ஒருநாளும் பார்த்திருக்கவில்லை. பிள்ளை அழகாக இருக்கிறாள் என்று உறவுக்காரர்களுக்கு அனுப்பியதோடு சரி.

கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லி வெளியே வந்தாள். நடைபாதைச் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், என்ன செய்யவேண்டும் என்று கேட்டாள்.

சில மாதங்கள் வீட்டில் ஒரு கண்ணை மாற்றி மாற்றி ஒட்டுத்துணியால் மூடிவைத்தார்கள். கண் விலகுவது குறையவில்லை. தசையைச் சரிசெய்யச் சிறிய அறுவை சிகிச்சை நல்லது என்றார் மருத்துவர். சுசீலா வழக்கம்போல இன்னொரு மருத்துவரிடமும் போய்க் கேட்டாள். அவரும் அதையே சொன்ன பிறகுதான் ஒத்துக்கொண்டாள். அறுவை நடந்த அன்று ரத்னவேல் லீவு போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு கேலிப் பேச்சும் பேசவில்லை. சிவந்த கண்ணோடு விழித்த இளமதி முதலில் கேட்டது, "டிரெயினிங்குக்கு எப்ப போகலாம்?"

அதற்கும் முன்பே சுசீலா ஒரு வேலையை முடித்திருந்தாள். வள்ளிநாயகியின் வீட்டுக்குப் போயிருந்தாள். வள்ளிநாயகி கதவைத் திறந்து, "வாங்கோ, இருங்கோ" என்றாள். சுசீலா அவளிடம் பேசாமல், உள்ளே நின்ற பிள்ளையிடமே பேசினாள்.

"சுபாங்கி, நான் உன்னைத் தப்பாச் சொல்லிட்டேன். நீ சொன்னது அத்தனையும் உண்மை. என்னை மன்னிச்சுடும்மா."

"இட்ஸ் ஓகே ஆன்ட்டி" என்றாள் சுபாங்கி. பிறகு, "ஸ்கூல்லயும் என்னைப் பத்திச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

அந்தப் பிள்ளை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது, நம்பலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல. அந்தப் பார்வையைத் தாங்க சுசீலாவுக்குச் சிரமமாக இருந்தது.

"அண்டைக்கு முழுக்க அழுதவள்" என்றாள் வள்ளிநாயகி, தேநீரை வைத்தபடி. "நானும் உடன மறந்துடுவன் எண்டு சொல்லமாட்டன். தேத்தண்ணியைக் குடியுங்கோ."

கண் நேரானதும் எல்லாம் நேராகிவிடவில்லை. இத்தனை வருஷம் தப்பான நேரத்தில் மூடிப் பழகிய கைகள் அவை. மிஸ் அன்னம்மா முதலில் பெரிய, மெத்தென்ற பந்தை அருகிலிருந்து போட்டாள். பிறகு கொஞ்சம் தள்ளி நின்று போட்டாள். பிறகு ஓடிக்கொண்டே பிடிக்கச் சொன்னாள். சுசீலாவும் சில நாட்கள் அடுக்குமாடி வீட்டு ப்ளாக்கின் கீழே மகளோடு பந்து போட்டுப் பழகினாள். அந்த ஆண்டு இளமதி எந்த ஆட்டத்திலும் இறங்கவில்லை. அடுத்த ஆண்டு பள்ளி அணியில் மாற்று ஆட்டக்காரியாகப் பெயர் வந்தது.

சுசீலா நேரே ஆசிரியையிடம் போனாள். "பாவம் பாத்து எடுத்தீங்களா? இல்ல நான் அன்னைக்குக் கத்தினேனேன்னு பயந்து எடுத்தீங்களா?"

மிஸ் அன்னம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "பாவம் பாக்குற ஆள் மாதிரியா நான் இருக்கேன்? எதிர்ப்பக்கம் யார் யாருக்குப் போடப்போறாங்கன்னு அவ முன்னாடியே கண்டுபிடிச்சுப் போய் நிக்கிறா. பந்தைச் சரியாப் பிடிக்க முடியாத காலத்துல ஆளுங்களைப் பாத்துப் பழகியிருக்கா போல. எனக்கு டிஃபென்ஸ்ல அப்படி ஒரு ஆள் வேணும். அதான்."

முதல் ஆட்டம் இன்னொரு பள்ளியின் உள்ளரங்கில் நடந்தது. இளமதி கடைசிக் கால்பகுதியில் இறங்கினாள். ஒரு பந்தைப் பறித்தாள், ஒன்றை நழுவவிட்டாள். இரண்டு புள்ளியில் தோற்றார்கள். கடைசி நிமிஷத்தில் இளமதி எதிரணிப் பிள்ளையைத் தள்ளினாள் என்று நடுவர் விசில் ஊதியிருந்தார்.

திரும்பும்போது பேருந்தில் இளமதியும் சுபாங்கியும் முன்னிருக்கையில் உட்கார்ந்து சண்டை போட்டார்கள். நான் தள்ளவே இல்லை என்றாள் இளமதி. நீ லேசா இடிச்ச லா, நான் பாத்தேன் என்றாள் சுபாங்கி. பின்னிருக்கையில் சுசீலாவும் வள்ளிநாயகியும் நடுவில் இரண்டு விளையாட்டுப் பைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டத்தின்போது சுசீலா உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அது தெளிவாகத் தெரியவில்லை. யார் சொல்வது சரி என்று அவள் விசாரிக்கவில்லை. ஜாலான் புசாரில் இறங்கும்வரை பிள்ளைகள் சண்டையை விடவில்லை.